அவிழ்ந்துபோன ஒரு முடிச்சும் அது கற்றுத் தந்த பாடமும்

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பிடோக் ஜெட்டியில் வழக்கமான கூட்டம். என் தூண்டில் கோல் திடீரென்று வில்லாக வளைந்தது. ரீலிலிருந்து நூல் சர்ரென்று ஓடியது. பக்கத்தில் நின்றிருந்த மலாய்ப் பெரியவர் தம் தூண்டிலை அவசரமாகச் சுருட்டி எனக்கு வழிவிட்டார். “தாலாங்! தாலாங்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தண்ணீருக்கு மேலே வெள்ளித் தகடு போல ஒரு மீன் துள்ளி விழுந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி கோல் நிமிர்ந்துவிட்டது. கையில் கனமே இல்லை.

சுற்றியிருந்தவர்கள் “அடடா” என்றார்கள். மீன் எவ்வளவு பெரியது என்று நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டத் தொடங்கினேன். மாமா அதைக் கவனிக்கவில்லை.

“நூலைச் சுருட்டு. நுனியைப் பார்க்கணும்” என்றார்.

சுருட்டிக் கொடுத்தேன். கைப்பேசி வெளிச்சத்தில் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் சற்று நெளிந்திருந்தது. ஆனால் கத்தரிக்கோலால் நான் வெட்டிய முனை வெட்டியபடியே இருந்தது.

“இது அறுந்த நூல் இல்லடா. அறுந்திருந்தா இழை இழையாப் பிரிஞ்சு பஞ்சு மாதிரி இருக்கும். இது அவிழ்ந்த நூல். மீன் உன்னை ஏமாத்தல, உன் முடிச்சுதான் ஏமாத்திடுச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. “சரி மாமா, ஒரு மீன்தானே போச்சு” என்றேன்.

“உனக்கு ஒரு மீன் போச்சு. அந்த மீன் இப்போ வாயில முள்ளோட, ஒன்றரை மீட்டர் நரம்பை இழுத்துக்கிட்டுச் சுத்துது. அது எங்கேயாவது சிக்குச்சுன்னா?”

அன்று இரவு வீடு திரும்பும்வரை நான் பேசவில்லை. மறுநாள் மாலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையில் மாமாவுடன் உட்கார்ந்தேன். இரண்டு நூல்களை எப்படி இணைப்பது என்பதை அங்கேதான் முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். இயற்பியல் வகுப்பில் படித்த சில பாடங்கள் உண்மையில் புரிந்ததும் அங்கேதான்.

ஏன் இரண்டு நூல்?

தூண்டில் போடாத நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. ஒரே நூலில் முள்ளைக் கட்டிவிட்டால் இணைப்பு முடிச்சுக்கு வேலையே இல்லையே?

காரணம், ஒரே பொருளில் எல்லாக் குணங்களும் கிடைப்பதில்லை. இன்று பலர் ரீலில் சுற்றி வைத்திருப்பது பின்னல் நூல். மிக மெல்லிய பாலிஎத்திலின் இழைகள் பலவற்றைச் சடைபோலப் பின்னிச் செய்தது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கப்படும் இழைகள் இந்த வகைதான். அதே பருமனுள்ள நைலானைவிடப் பல மடங்கு பலம். இழுத்தால் நீளாது. அதனால் ஆழத்தில் மீன் இரையைத் தொட்டாலும் விரலில் உடனே தெரியும். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கும்.

ஆனால் அதற்குக் குறைகளும் உண்டு. மீனின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஜெட்டித் தூண்களில் ஒட்டிக்கிடக்கும் கூரான சிப்பிகளில் உரசினால் எளிதில் அறுந்துவிடும். நீளாத தன்மையே சில வேளைகளில் கெடுதலாகிறது. மீன் சட்டென்று திமிறும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள ஏதும் இல்லை.

அதனால் நுனியில் ஒன்று அல்லது இரண்டு மீட்டருக்கு வேறொரு நூலை இணைக்கிறார்கள். அதற்கு லீடர் என்று பெயர். ஒற்றை இழையாக வார்த்த கண்ணாடி போன்ற நரம்பு அது. நைலானாக இருக்கலாம், ஃபுளோரோகார்பனாக இருக்கலாம். ஃபுளோரோகார்பன் தண்ணீரில் மூழ்கும். ஒளியை வளைக்கும் அளவில் நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமானது என்பதால் நீருக்குள் சற்றுக் குறைவாகவே கண்ணில் படும். இரண்டு வகை நரம்புகளும் உராய்வைப் பின்னல் நூலைவிட நன்றாகத் தாங்கும்.

ஆக, ஒன்று மெல்லியது, வழுவழுப்பானது, நீளாதது. மற்றது தடித்தது, விறைப்பானது, நீளக்கூடியது. குணத்தில் இவ்வளவு மாறுபட்ட இரண்டையும் ஒரே முடிச்சில் பிடித்து நிறுத்த வேண்டும். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

பொருள் மாறினால் முடிச்சும் மாறும்

முன்பெல்லாம் குதிரைவால் முடி, பட்டு, பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுத்த நரம்பு ஆகியவற்றைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தினார்கள். 1938-இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. அதன் பிறகு நைலான் நரம்பு தூண்டில்காரர்களிடம் பரவியது. நம் வட்டாரத்து மலாய் மீனவர்கள் அதைத் ‘தங்சி’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இலங்கையிலும் ‘தங்கூஸ்’, ‘தங்கூசி’ என்ற சொற்கள் வழங்குகின்றன.

கிளிஃபர்டு ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944-இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் 3,800க்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. இத்தனை முடிச்சுகள் இருக்கப் புதியவை ஏன் தேவைப்பட்டன? ஒரு பொருளில் நிற்கும் முடிச்சு இன்னொன்றில் நிற்காது என்பதே பதில். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள இரண்டு நைலான் நரம்புகளை இணைக்க ‘பிளட் நாட்’ எனப்படும் பழைய முடிச்சு இன்றும் அருமையானது. அதையே பின்னல் நூலுக்கும் நரம்புக்கும் இடையில் கட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நான் அன்று கட்டியிருந்தது ஏறக்குறைய அதுதான். ஒரு காணொளியைப் பாதி பார்த்துவிட்டுக் கட்டியது.

முடிச்சு ஏன் பலத்தைக் குறைக்கிறது?

எந்த நூலானாலும் முடிச்சு போட்டால் அதன் பலம் குறையும். நேராக இருக்கும் நூலில் இழுவிசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். வளைந்த இடத்தில் வெளிப்பக்கம் அதிகமாக இழுபடும், உள்பக்கம் அழுத்தப்படும். அதோடு ஓர் இழை மற்றோர் இழையைக் குறுக்கே நசுக்குகிறது. அதனால்தான் நூல் பெரும்பாலும் முடிச்சின் நடுவில் அறுவதில்லை. அது முடிச்சுக்குள் நுழையும் வாசலில்தான் அறுகிறது. 1999-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, ஒரே ஒரு மூலக்கூறுச் சங்கிலியில் முடிச்சு போட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று கணினியில் ஆராய்ந்தது. அங்கும் முடிச்சின் வாசலில்தான் பிணைப்பு முறிந்தது.

தூண்டில் வீசும்போது நூலில் தானாக விழும் சாதாரண ஒற்றை முடிச்சை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஒன்றே நூலின் பலத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடக்கூடும். அதைக் கண்டால் உடனே வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் சரி.

நல்ல முடிச்சு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். வழுக்கக் கூடாது, நூலைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. முதல் வேலைக்கு உதவுவது உராய்வு. இங்கே மாமா தம் பழைய துறைமுக வேலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொன்னார். கரையில் நட்டிருக்கும் இரும்புக் குற்றியில் கயிற்றைச் சில சுற்று சுற்றிவிட்டால், அந்தப் பக்கம் பெரிய படகே இழுத்தாலும் இந்தப் பக்கம் ஒருவர் கையால் பிடித்து நிறுத்தலாம்.

இதைக் கணிதமாக்கியவர்களில் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டின் ஆய்லர். உராய்வுக் கெழுவையும் சுற்றிய கோணத்தையும் ரேடியனில் பெருக்கி, அந்த விடையை 2.718 என்ற எண்ணின் அடுக்காக்கினால், இழுவிசை எத்தனை மடங்கு குறைகிறது என்பது கிடைக்கும். உயர்நிலை இயற்பியல் படிப்பவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் மூன்றரை மடங்கு. ஐந்து சுற்றில் 500 மடங்கைத் தாண்டிவிடும். கெழு 0.1 என்றால் ஐந்து சுற்றில் 23 மடங்குதான். மீண்டும் 500-ஐத் தொட வேண்டுமானால் பத்துச் சுற்று வேண்டும். உராய்வு பாதியானால் சுற்றை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

முடிச்சு என்பது வெறும் இரும்புக் குற்றியன்று, அதன் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனாலும் இது காட்டும் திசை சரியானது. வழுவழுப்பான பின்னல் நூலுக்கு நரம்பைவிட அதிகச் சுற்றுகள் தேவை. அந்த எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டியதுதான் நான் செய்த தவறு.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் மற்றொரு கோணத்தைக் காட்டினார்கள். இழுபடும்போது நிறம் மாறும் இழைகளில் முடிச்சு போட்டு, எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். இழைகள் எத்தனை இடங்களில் ஒன்றையொன்று கடக்கின்றன, அடுத்தடுத்த இடங்களில் அவை எதிரெதிராக முறுக்கிக்கொள்கின்றனவா, வளையங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றனவா என்ற மூன்றையும் வைத்தே ஒரு முடிச்சு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதைக் கணிக்கலாம் என்றார்கள்.

காலணி நாடாவில் முதல் பாதியை வலமாகவும் அடுத்த பாதியை இடமாகவும் போட்டால் நிற்கிறது, இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் நடக்க நடக்க அவிழ்கிறது அல்லவா? அதற்குப் பின்னாலிருக்கும் காரணமும் இதுதான்.

முதலில் கற்க வேண்டியது: இரட்டை யூனி

மாமா எனக்கு முதலில் சொல்லித் தந்தது இரட்டை யூனி. இருட்டிலும் காற்றிலும் கட்டலாம், தப்பு செய்தால் உடனே கண்ணுக்குத் தெரியும் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. வீட்டில் பழக இரண்டு நிறத்தில் தடித்த கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பின்னல் நூல் என்றும் மற்றதை நரம்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு நுனிகளும் எதிரெதிர்த் திசையைப் பார்க்கும்படி, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு இரண்டையும் பக்கம் பக்கமாக வையுங்கள்.

இரண்டாம் படி: பின்னல் நூலின் நுனியைத் திருப்பி மடக்கி ஒரு வளையம் செய்யுங்கள். வளையம் இரண்டு நூல்களின்மேலும் படிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: அதே நுனியால், வளையத்துக்கு உள்ளேயே புகுந்து புகுந்து, இரண்டு நூல்களையும் சேர்த்துச் சுற்றுங்கள். பின்னல் நூல் என்றால் ஏழு அல்லது எட்டுச் சுற்று.

நான்காம் படி: நுனியை இழுத்து முடிச்சைச் சேர்த்துவிடுங்கள். முழுவதும் இறுக்க வேண்டாம். நூலின்மேல் அது நகர வேண்டும்.

ஐந்தாம் படி: மறுபக்கம் திரும்பி, நரம்பின் நுனியாலும் இதையே செய்யுங்கள். நரம்புக்கு நான்கு அல்லது ஐந்து சுற்று போதும். தடித்த நரம்பில் அதற்குமேல் சுற்றினால் சுற்றுகள் ஒழுங்காகப் படியாது.

ஆறாம் படி: இரண்டு முடிச்சுகளையும் தண்ணீரில் நனையுங்கள். நீளமாகப் போகும் இரண்டு நூல்களையும் பிடித்து மெதுவாக இழுங்கள். இரண்டு முடிச்சுகளும் நகர்ந்து வந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். பிறகு நுனிகளைத் தனித்தனியே இழுத்து இறுக்குங்கள்.

ஏழாம் படி: நன்றாக இழுத்துச் சோதியுங்கள். அதன்பிறகே நுனிகளை இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

முதல் முறை எனக்கு ஏழு நிமிடம் ஆனது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ஒரு நிமிடத்துக்குள் கட்ட முடிந்தது. ‘மூன்று முறை தொடர்ந்து கட்டி மூன்றும் நிற்காமல் ஜெட்டிக்கு வராதே’ என்பது மாமா போட்ட நிபந்தனை.

மடிக்காமல் பிடிக்கும் எஃப்ஜி

இரட்டை யூனி கைவந்த பிறகு எஃப்ஜி முடிச்சுக்குப் போகலாம். பார்க்கும்போது முடிச்சு போலவே இருக்காது. பின்னல் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, நரம்பை ஒருமுறை மேலாகவும் ஒருமுறை கீழாகவும் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஏறக்குறைய 20 முறை கடந்த பிறகு, பின்னல் நூலின் நுனியால் இரண்டையும் சேர்த்து ஒற்றைக் கண்ணிகள் சில போட்டுப் பூட்ட வேண்டும்.

இதன் சூட்சுமம் என்னவென்றால், நரம்பு எங்கேயும் மடிவதில்லை. நேராகவே இருக்கிறது. பின்னல் நூல்தான் அதைச் சுற்றி ஒரு குழாய் போலப் பின்னிக்கொள்கிறது. விரலை நுழைத்து இழுத்தால் இறுகும் ஓலைப் பொம்மையைச் சிறுவயதில் விளையாடியிருப்பீர்கள். அதே தத்துவம்தான். இழுக்க இழுக்கக் குழாய் குறுகி நரம்பைக் கவ்வுகிறது. மடிப்பு இல்லாததால் பலம் அதிகம் குறைவதில்லை. மெல்லியதாக இருப்பதால் கோலின் வளையங்களில் தட்டாமல் ஓடிவிடும்.

இதில் பலர் தவறுவது இறுக்கும்போதுதான். துணியையோ கையுறையையோ சுற்றிக்கொண்டு பலமாக இழுக்க வேண்டும். பின்னல் நூல் நரம்பில் பதியும்போது அதன் நிறம் சற்று அடர்த்தியாக மாறும். நிறம் மாறாவிட்டால் அது இன்னும் கவ்வவில்லை என்று பொருள். வெறுங்கையில் இழுக்காதீர்கள், பின்னல் நூல் விரலைக் கத்தி போல அறுத்துவிடும்.

நான் வரவேற்பறையில் இதைப் பழகிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்தில் அம்மா சாமிப் படத்துக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். என் கையையும் தம் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதைத்தானே நான் இருபது வருஷமா செய்றேன்” என்றார். உண்மைதான். காம்புகளை வைத்து நூலை விரலில் முறுக்கி வளையமாக்கிப் போட்டு இறுக்கும் அந்தக் கண்ணியும், எஃப்ஜியைப் பூட்டும் ஒற்றைக் கண்ணியும் ஏறக்குறைய ஒன்றே. அம்மா எனக்குச் சொன்ன ஒரே திருத்தம்: “ஒவ்வொரு கண்ணியையும் அப்பப்பவே இறுக்கு. கடைசியில மொத்தமா இறுக்கலாம்னு நினைச்சா எல்லாம் தளர்ந்துடும்.” அதன்பிறகு என் எஃப்ஜி ஒழுங்காக வரத் தொடங்கியது.

நனை, மெதுவாக இழு, சோதி

எந்த முடிச்சைக் கட்டினாலும் மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலில் நனைப்பது. நரம்பை உலர்ந்த நிலையில் வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் அதன் மேற்பரப்பு கெடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயத்தில்தான் பிறகு அறும். பலர் எச்சிலால் நனைப்பார்கள். இரையையும் ஈயக்குண்டையும் தொட்ட கையோடு அதை வாயில் வைக்காமல், குடிநீர்ப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விடுவது நல்லது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மெதுவாக, ஒரே சீராக இழுப்பது. வெடுக்கென்று இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இறுகிய முடிச்சில் சுற்றுகள் சுருள்கம்பி போல வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

கடைசியாக, வீசுவதற்கு முன் சோதிப்பது. முடிச்சு உங்கள் கையில் அவிழ்ந்தால் நஷ்டம் ஒரு நிமிடம். மீன் வாயில் முள் ஏறிய பிறகு அவிழ்ந்தால் அந்த நஷ்டத்தில் மீனுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் தப்பினால், நுனியைப் பாருங்கள். பின்னல் நூல் வெட்டியபடியே திரும்பி வந்தால், முடிச்சு வழுக்கியது. நரம்பின் நுனி பன்றிவால் போலச் சுருண்டு வந்தாலும் அதேதான். நரம்பு சொரசொரப்பாகக் கீறிப்போய் இருந்தால், பாறையிலோ தூணிலோ உரசியது. இவை எதுவும் இல்லாமல் சட்டென்று முறிந்திருந்தால், நூலின் பலத்துக்குமேல் இழுத்திருக்கிறோம், ரீலின் பிடியைத் தளர்த்த வேண்டும். தவறு எங்கே என்று தெரிந்தால்தான் அடுத்த முறை திருத்த முடியும்.

நம் தவறுக்கு யார் விலை கொடுப்பது?

அன்று மாமா கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நைலானும் பாலிஎத்திலினும் எளிதில் மக்காதவை. கடலில் விடப்பட்ட நரம்பு நீண்ட காலம் அப்படியே கிடக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாதபடி செய்யப்பட்டது என்பதால், அதில் சிக்கும் உயிருக்கும் அது தெரியாது. கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளலாம். கடலாமையின் துடுப்பை இறுக்கலாம். நம் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நீந்தும் நீர்நாய்களுக்கும் ஆபத்து.

அதனால் மாமா எனக்கு இன்னொரு விதி சொன்னார். ‘எங்கே அறும் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.’ தூண்டில் என்றைக்காவது எங்காவது மாட்டத்தான் செய்யும். அப்போது நூல் இணைப்பு முடிச்சில் அறுந்தால், முழு லீடரும் கடலில் கிடக்கும். முள்ளுக்கு அருகில் அறுந்தால், முள்ளோடு சில சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே இணைப்பு முடிச்சு மற்ற எல்லா முடிச்சுகளையும்விட உறுதியாக இருக்க வேண்டும். நான் இப்போது 30 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 13.6 கிலோ தாங்கும் பின்னல் நூலுக்கு 20 பவுண்டு நரம்பை லீடராகக் கட்டுகிறேன். கூரான பல் உள்ள மீன்களைத் தேடிப் போகிறவர்களுக்குத் தடித்த நரம்பு தேவைப்படும். அவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டியிருக்கும்.

வெட்டிய துண்டுகளுக்காக என் பையில் மூடியுள்ள சிறு டப்பா ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவற்றைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் குப்பையில் போடுகிறேன். அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் தூண்டில் போடுவதும், நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்துவதும் இங்குள்ள விதிகள். போகும் இடத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தூண்டில் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை

மீன்பிடிப்பில் ஆர்வம் இல்லாதவர்கள் இதை அறிவியல் செயல்திட்டமாகச் செய்து பார்க்கலாம். பயணப் பெட்டியை எடை பார்க்கும் மின்னிலக்கத் தராசு, ஆறு பவுண்டு நைலான் நரம்பு, வழுவழுப்பான ஒரு குழாய், கண் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும்.

முதலில் முடிச்சே இல்லாத நரம்பின் பலத்தை அளக்க வேண்டும். முடிச்சு போடாமல் எப்படி நரம்பைப் பிடிப்பது? குழாயில் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஆய்லரின் கணக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதே போலத் தராசுப் பக்கமும் ஒரு குழாய்த் துண்டைக் கொக்கியில் பொருத்திச் சுற்றலாம். மெதுவாக இழுத்து, அறும்போது தராசு காட்டும் எடையைக் குறியுங்கள். பிறகு நடுவில் முடிச்சுள்ள நரம்பை அதே போல இழுங்கள். முடிச்சுள்ளது அறுந்த எடையை முடிச்சில்லாதது அறுந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால், அந்த முடிச்சின் திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, முடிச்சில்லாமல் 3 கிலோவிலும் முடிச்சோடு 2.4 கிலோவிலும் அறுந்தால், திறன் 80 விழுக்காடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கை ஒரு சோதனை, நனைத்து இறுக்கியதும் உலர்வாக இறுக்கியதும் இன்னொரு சோதனை. நைலான் ஈரத்தை உறிஞ்சினால் சற்று பலம் குறையும். அதனால் இரண்டாவது சோதனையில், கட்டி முடித்த பிறகு இரண்டு வகையையும் ஒரே அளவு நேரம் ஊறவைத்துவிட்டு இழுத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது செய்து சராசரி எடுங்கள். சராசரியோடு, ஐந்து முடிவுகளும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதையும் பாருங்கள். ஒருமுறை மிகப் பலமாகவும் மறுமுறை பலவீனமாகவும் வரும் முடிச்சைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்கும் முடிச்சையே நம்பலாம்.

மீண்டும் ஜெட்டியில்

ஒரு மாதம் கழித்து மறுபடி பிடோக் ஜெட்டிக்குப் போனோம். அன்று தாலாங் வரவில்லை. இரண்டு சின்ன மீன்கள் மாட்டின, இரண்டையும் விட்டுவிட்டோம். இருட்டும் நேரத்தில் என் தூண்டில் ஒரு தூணின் அடியில் வசமாகச் சிக்கிக்கொண்டது. எப்படி ஆட்டியும் வரவில்லை. நூலைத் துணி சுற்றிய கட்டையில் சுற்றி, கோலைக் கீழே வைத்துவிட்டு, நேராக இழுத்தேன். டப்பென்று அறுந்தது.

மாமா எதுவும் கேட்கவில்லை. நானே சுருட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இணைப்பு முடிச்சு கட்டியபடியே இருந்தது. லீடர் முழுவதும் திரும்பி வந்திருந்தது. முள் கட்டிய இடத்தில் மட்டும் அறுந்திருந்தது.

நுனியை மாமாவிடம் நீட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “ம்” என்றார். பிறகு தம் பெட்டியிலிருந்து ஒரு புது முள்ளை எடுத்து என் கையில் வைத்தார்.